இரண்டு வயது தாண்டியும் பேச்சு சரியாக வரவில்லை: காத்திருப்பதா, வீட்டிலேயே ஏதாவது செய்வதா?

உங்கள் மகனுக்கு இரண்டு வயது இரண்டு மாதம். பத்துப் பன்னிரண்டு வார்த்தைகளுக்கு மேல் சொல்வதில்லை, ஆனால் நாம் சொல்வதெல்லாம் புரிகிறது என்கிறீர்கள். "இவன் அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான், தானா வரும்" என்று பாட்டி சொல்கிறார். வீட்டில் இரண்டு மொழிகள் புழங்குவதால் ஒன்றை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறீர்கள். கடைசியில், வீட்டிலேயே வார்த்தைகளை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் உண்மையான கேள்வி காத்திருப்பதா, ஏதாவது செய்வதா என்பதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வருகிறது. பலரும் இதை இரண்டில் ஒன்றாகவே பார்க்கிறார்கள்: ஒன்று, வீட்டில் முயன்று பார்ப்பது; இல்லையென்றால் மருத்துவமனைக்கு ஓடுவது. இரண்டையும் இந்த வாரமே ஒன்றாகத் தொடங்கலாம். தொடங்க வேண்டும் என்பதே என் பதில்.

நான் பேச்சு மொழிப் பயிற்சியாளர். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளோடுதான் பெரும்பாலும் வேலை. ஆனாலும் உங்கள் பிள்ளையைப் பார்க்காமல், நீங்கள் எழுதிய சில வரிகளை வைத்து அவனுக்கு இன்ன பிரச்சினை என்றோ, ஒன்றுமே இல்லை என்றோ சொல்ல என்னால் முடியாது. யாராலும் முடியாது. அதனால் உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகவும், சந்தேகத்துக்கு இடமுள்ளதை அப்படியேயும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் எண்ணிக்கை. இரண்டு வயதில் சுமார் 50 வார்த்தைகளும், இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துச் சொல்வதும் ("அம்மா வா", "பால் வேணும்") இருக்க வேண்டும் என்பது நாங்கள் நெடுநாளாக வைத்திருக்கும் கோடு. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் 2022-ல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது, 50 வார்த்தை என்பதை இரண்டரை வயதுக்குத் தள்ளி வைத்தது. நான்கில் மூன்று குழந்தைகளாவது எட்டிவிடும் வயதையே அது குறிக்கிறது. அந்தத் திருத்தத்தை எங்கள் துறையில் எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால் அதே பட்டியலிலும் இரண்டு வார்த்தைகளைச் சேர்ப்பது இரண்டு வயதிலேயே இருக்கிறது. எனவே எந்தக் கணக்கில் பார்த்தாலும் உங்கள் மகன் கொஞ்சம் பின்னால்தான் இருக்கிறான். பதற வேண்டியதில்லை, ஆனால் "எல்லாக் குழந்தையும் இப்படித்தான்" என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

ஒரு தடவை சரியாக எண்ணிப் பாருங்கள். பெற்றோர் பெரும்பாலும் குறைத்தே எண்ணுகிறார்கள். "தண்ணி" என்பதை "ண்ணி" என்று சொன்னாலும் அது வார்த்தைதான். நாயைப் பார்த்து எப்போதும் "பவ் பவ்" என்றால் அதுவும் வார்த்தைதான். ஒரே பொருளுக்கு ஒரே ஒலியை, யாரும் சொல்லித்தராமல் தானாகச் சொல்கிறானா என்பதே அளவுகோல். இரண்டு மொழியிலும் அவன் சொல்வதைச் சேர்த்து எண்ணுங்கள். அதேசமயம் ஒன்று, இரண்டு, மூன்று என்று மனப்பாடமாக ஒப்பிப்பதை இதில் சேர்க்காதீர்கள்.

இனி "தானா வரும்" என்பதற்கு வருகிறேன். பாட்டி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டு வயதில் பேச்சு தாமதமாகி, மற்ற எல்லாம் சரியாக இருக்கும் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் பள்ளி வயதுக்குள் மற்றவர்களை எட்டிப்பிடித்துவிடுகிறார்கள். ஆனால் யார் எட்டிப்பிடிப்பார், யாருக்கு உதவி தேவைப்படும் என்பதை இரண்டு வயதிலேயே பிரித்துச் சொல்ல நம்பகமான வழி இன்னும் இல்லை. சில அறிகுறிகள் நம்பிக்கை தரும்: நன்றாகப் புரிந்துகொள்வது, விரல் நீட்டிக் காட்டுவது, கையசைவுகள் நிறைய இருப்பது, நாம் செய்வதைப் பார்த்துச் செய்வது, பொம்மைக்கு ஊட்டுவதுபோல் பாவனை விளையாட்டு ஆடுவது. அப்பாவும் தாமதமாகப் பேசினார் என்பது ஆறுதலாகச் சொல்லப்படுகிறது. எங்கள் கணக்கில் அது எதிர்ப்பக்கம் போகும். குடும்பத்தில் யாருக்காவது பேச்சுத் தாமதம் இருந்திருந்தால் பிள்ளைக்கும் அதற்கான வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். ஆண் பிள்ளைகள் பெண் பிள்ளைகளைவிடச் சராசரியாகச் சற்றுத் தாமதமாகப் பேசுவது உண்மைதான், ஆனால் அந்த வித்தியாசம் சிறியது. இவ்வளவு இடைவெளிக்கு அது காரணமாகாது.

"எல்லாம் புரிகிறது" என்பதையும் சோதித்துப் பாருங்கள். நாம் பேசும்போது நம்மை அறியாமல் கை காட்டுகிறோம், பொருளின் பக்கம் பார்க்கிறோம், தினமும் நடக்கிற நேரத்தில் தினமும் சொல்வதைச் சொல்கிறோம். குழந்தை அதையெல்லாம் படித்தே பாதி வேலையை முடித்துவிடும். கையைக் கட்டிக்கொண்டு, அவன் முகத்தை மட்டும் பார்த்து, எதிர்பாராத நேரத்தில் "செருப்பை எடுத்துட்டு வா" என்று சொல்லுங்கள். "பந்தைப் பெட்டியில போடு" என்று சொல்லுங்கள். செய்தால் நல்ல சேதி. திருதிருவென்று விழித்தால், என்னைப் போன்ற பேச்சு மொழிப் பயிற்சியாளரிடம் மதிப்பீட்டுக்குப் போகும்போது அதை முதலில் சொல்லுங்கள். புரிதலும் பின்தங்கியிருந்தால் காத்திருப்பதற்கான நியாயம் மிகவும் குறைந்துவிடுகிறது.

அடுத்தது காது. பேச்சு தாமதமான எந்தக் குழந்தைக்கும் முதல் வேலை கேட்கும் திறன் பரிசோதனைதான், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பிறந்தபோது செய்த சோதனையில் தேறிவிட்டான் என்பது போதாது. சளி பிடிக்கும்போது செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டு வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் தங்கிவிடும். அப்போது வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. கதவு அடித்தால் திரும்புவான், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவான். ஆனால் பேச்சின் மெல்லிய ஒலிகள் பஞ்சு அடைத்தாற்போல் மங்கிக் கேட்கும். வீட்டில் தட்டைத் தட்டிப் பார்த்து "காது நல்லாத்தான் கேக்குது" என்று முடிவு செய்வதால்தான் இது தவறிப்போகிறது. கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்டிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சில விஷயங்கள் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகள் மறைந்துபோவது, விரல் நீட்டிக் காட்டாதது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலும் திரும்பாதது, தனக்குப் பிடித்ததை நம்மிடம் கொண்டுவந்து காட்டாதது, கண்ணோடு கண் பார்க்காதது. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே ஆட்டிசம் என்று பொருளில்லை. ஆனால் குழந்தை வளர்ச்சி மருத்துவர் பார்த்தாக வேண்டும். சொன்ன வார்த்தைகளை இழப்பது எந்த வயதிலும் அவசரமே.

சரி, வீட்டில் செய்வது என்ன? "வார்த்தைகளைக் கற்றுக்கொடுப்பது" என்ற எண்ணத்தை முதலில் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்வேன். இந்த வயதுப் பிள்ளைக்குத் தேவை பாடமில்லை. பேசுவதற்கு ஒரு காரணமும், பேசுவதற்கு ஓர் இடைவெளியும்தான் தேவை. பேச்சு தாமதமான பல வீடுகளில் பெரியவர்கள் குறைவாகப் பேசுவதில்லை. மாறாக, இடைவிடாமல் பேசுகிறார்கள். அல்லது பிள்ளை வாய் திறப்பதற்கு முன்பே அவன் பார்வையைப் படித்துத் தண்ணீரை நீட்டிவிடுகிறார்கள். அன்பினால்தான். ஆனால் அவன் முறை என்று ஒன்று வருவதே இல்லை.

இதற்கு ஆய்வுப் பின்னணி உண்டு. 1995-ல் ஹார்ட், ரிஸ்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், குழந்தை காதில் விழும் வார்த்தைகளின் எண்ணிக்கை வீட்டுக்கு வீடு பெரிதும் மாறுகிறது, மூன்று, நான்கு வயதுக்குள் அந்த வித்தியாசம் மூன்று கோடி வார்த்தைகள் வரை போகும் என்று எழுதினார்கள். அதிலிருந்து "நிறையப் பேசுங்கள்" என்பது தாரக மந்திரமாகிவிட்டது. பிறகு அந்த எண் கேள்விக்கு உள்ளானது. அவர்கள் பார்த்த குடும்பங்கள் வெறும் 42. 2018-ல் வெளிவந்த ஒரு மூளை ஸ்கேன் ஆய்வு, நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளில், காதில் விழுந்த வார்த்தைகளின் எண்ணிக்கையைவிடப் பெரியவரும் குழந்தையும் மாறி மாறிப் பேசிய தடவைகளே மொழித் திறனோடு நெருங்கிய தொடர்பு கொண்டவை என்று காட்டியது. அதுவும் சிறிய ஆய்வுதான், தொடர்பைக் காட்டுகிறதே தவிரக் காரணத்தை நிரூபிக்கவில்லை. ஆனால் பயிற்சி அறையில் நாங்கள் பார்ப்பதோடு அது நன்றாகவே ஒத்துப்போகிறது.

எனவே முதல் பழக்கம் காத்திருத்தல். அவன் கண் மட்டத்துக்குத் தரையில் உட்காருங்கள். அவன் எதை விளையாடுகிறானோ அதையே நீங்களும் பாருங்கள். ஒரு வாக்கியம் சொல்லுங்கள், பிறகு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் ஐந்து முதல் பத்து வரை எண்ணுங்கள். ஆவலோடு அவன் முகத்தைப் பாருங்கள். பத்து எண்ணுவது தாங்க முடியாத அளவுக்கு நீளமாகத் தோன்றும். பெரியவர்களுக்கு இது பழக நாளாகும், ஏனென்றால் மௌனம் வந்தவுடன் நிரப்பத் தோன்றுகிறது. அந்த இடைவெளியில் அவன் ஒரு ஒலி எழுப்பலாம், பார்க்கலாம், கையை நீட்டலாம். எதுவானாலும் அது அவன் முறை. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

இரண்டாவது, கேள்விகளைக் குறையுங்கள். "இது என்ன? இது என்ன கலர்? மாமாகிட்ட சொல்லு, சொல்லு பாப்போம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் பேச்சு என்பதே பரீட்சையாகிவிடும். பேசத் தயங்கும் பிள்ளை பரீட்சையில் இன்னும் மௌனமாவான். விருந்தினர் முன்னால் சொல்லச் சொல்வதை அடியோடு நிறுத்திவிடுங்கள். கேள்விக்குப் பதிலாக, நடப்பதைச் சொல்லுங்கள். அவன் வண்டியைத் தள்ளுகிறான்: "வண்டி போகுது. வேகமாப் போகுது." விழுகிறது: "அய்யோ, விழுந்துடுச்சு!" ஒரு கேள்வி கேட்டால் மூன்று தடவை சும்மா சொல்லுங்கள் என்று பெற்றோரிடம் சொல்வேன். இது ஆய்விலிருந்து வந்த விகிதமில்லை, நினைவில் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு.

எந்த வார்த்தைகள்? நிறங்கள், எண்கள், எழுத்துகள் வேண்டாம். "பத்துக் கலர் சொல்வான், ஆனா தண்ணி வேணும்னு கேக்கத் தெரியாது" என்று வரும் பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறோம். "நீலம்" என்ற சொல்லால் ஒரு இரண்டு வயதுப் பிள்ளைக்கு எதுவும் கிடைப்பதில்லை. "தா", "வா", "போ", "திற", "இன்னும்", "வேணாம்", "தூக்கு" போன்றவற்றால் கிடைக்கும். ஒரு வார்த்தை சொன்னதும் உலகம் அசைகிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். பொருள்களின் பெயர்களோடு செயலைக் குறிக்கும் சொற்களும் சேர்ந்தால்தான் நாளைக்கு "பந்து தா" என்ற இரண்டு வார்த்தை வரும். பெயர்களை மட்டும் அடுக்கினால் வாக்கியம் வராது.

அவன் சொல்வதற்கு ஒரு படி மேலே சொல்லுங்கள். அவன் "கார்" என்றால் நீங்கள் "கார் போகுது" என்று சொல்லுங்கள். அவன் "கார் போ" என்று தொடங்கிய பிறகு "பெரிய கார் போகுது". ஒரு வார்த்தைக்குப் பதிலாகப் பெரிய பிரசங்கம் வேண்டாம். அதே சமயம் மழலையாக உடைத்தும் பேச வேண்டாம். வாக்கியம் குட்டியாக இருக்கலாம், சரியான வாக்கியமாக இருக்கட்டும். உச்சரிப்புப் பிழையைத் திருத்தாதீர்கள். "ண்ணி" என்றால், "ஆமா, தண்ணி! தண்ணி குடிக்கலாம்" என்று சரியான வடிவத்தை அவன் காதில் போட்டால் போதும். "அப்படி இல்ல, தண்...ணி சொல்லு" என்று நிறுத்தினால், சொல்ல வந்த விஷயமே செத்துப்போகும்.

பேசக் காரணங்களைச் சின்னச் சின்னதாக உருவாக்கலாம். பிடித்ததைக் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள், இன்னும் கேட்க வேண்டியிருக்கும். பிடித்த பொம்மையை மூடி இறுக்கமான, உள்ளே இருப்பது தெரிகிற டப்பாவில் வையுங்கள், திறக்க உங்களிடம்தான் வர வேண்டும். இரண்டு கையிலும் காட்டி "பந்தா, புத்தகமா?" என்று கேளுங்கள். தெரிந்த பாட்டைப் பாடி, கடைசி வார்த்தைக்கு முன் நிறுத்திப் பாருங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: "சொன்னாத்தான் தருவேன்" என்று பிடித்து வைக்காதீர்கள். அவன் கையை நீட்டினாலோ பார்த்தாலோ அதையே கேட்டதாக எடுத்துக்கொண்டு, வார்த்தையை நீங்கள் சொல்லி, கொடுத்துவிடுங்கள். அழவைத்து வாங்கும் வார்த்தை நிலைப்பதில்லை. கையசைவும் பேச்சுக்கு எதிரி கிடையாது. காட்டுவது, தலையாட்டுவது, "வா" என்று கை அசைப்பது இவையெல்லாம் வார்த்தைக்கு முன்னோடிகள், ஊக்கப்படுத்துங்கள்.

இதற்கென்று தனி நேரம் ஒதுக்க முடியாவிட்டால் குறையில்லை. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, படியேறுவது எல்லாம் தினமும் அதே வரிசையில் நடக்கின்றன. அதே வார்த்தைகள் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். கற்பதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. புத்தகத்தில், எழுதியிருப்பதை வாசிக்க வேண்டிய கட்டாயமில்லை. அவன் விரல் வைக்கும் படத்தைப் பற்றிப் பேசுங்கள். பக்கத்தை அவன் திருப்பட்டும். அதே புத்தகத்தை நூறாவது தடவை கொண்டுவந்தால் அலுத்துக்கொள்ளாதீர்கள். அவனுக்கு அது ஒத்திகை.

திரையைப் பற்றி இரண்டு விஷயங்கள். 2003-ல் குழந்தைகளின் மொழி கற்றலை ஆராயும் பாட்ரிஷியா கூல் குழுவினர் செய்த ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியை நேரில் பேசிக் காட்டியபோது அதன் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். அதே பேச்சை வீடியோவில் காட்டியபோது கற்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி, இரண்டு வயதில் திரைநேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது. யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் டிவியை அணைத்துவிடுங்கள், அது பெரியவர்கள் பேசுவதையும் குறைக்கிறது. ஆனால் "போன் காட்டியதால்தான் பேச்சு வரவில்லை" என்று உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். அதிகத் திரைநேரமும் பேச்சுத் தாமதமும் சேர்ந்து காணப்படுகின்றன, எது எதனால் என்பது அவ்வளவு தெளிவில்லை. தூரத்து உறவினரோடு வீடியோ காலில் பேசுவது இந்தக் கணக்கில் வராது, அங்கே எதிரில் இருப்பவர் பதில் சொல்கிறார்.

இரண்டு மொழி விஷயத்தில் என் பதில் சுருக்கமானது. நிறுத்த வேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளர்வது பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை என்பது நன்கு நிறுவப்பட்டது. தாமதம் உள்ள குழந்தைகளும் இரண்டு மொழி கற்கிறார்கள். தனக்குச் சரளமில்லாத மொழியில் பிள்ளையோடு பேச முயலும் பெற்றோர் இயல்பாகப் பேசாமல் போவதுதான் உண்மையான இழப்பு. உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்சவும் கோபப்படவும் வருமோ அதில் பேசுங்கள்.

நீங்கள் கேட்காத, ஆனால் யாராவது சொல்லக்கூடிய சில யோசனைகள். நாக்கின் அடியில் உள்ள சவ்வு ஒட்டியிருப்பதால் பேச்சு வரவில்லை, வெட்டிவிடலாம் என்பார்கள். அது சில ஒலிகளின் உச்சரிப்பைப் பாதிக்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வார்த்தைகளே வராமல் இருப்பதற்கு அது காரணமாகாது. ஊதுவது, நாக்கை நீட்டி மடக்குவது போன்ற பயிற்சிகளால் பேச்சு வரும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. நேரத்தை அதில் செலவிடாதீர்கள். விளையாட்டுப் பள்ளியில் சேர்த்தால் பேசிவிடுவான் என்பது சில பிள்ளைகளுக்குப் பலிக்கிறது, சிலருக்குக் கூட்டத்தில் இன்னும் ஒதுங்கிப்போக வழியாகிறது. மதிப்பீட்டுக்கு அது மாற்று இல்லை. உச்சரிப்புத் தெளிவைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். இரண்டு வயதில் வெளியாட்களுக்குப் பாதி புரிந்தால் போதும், மூன்றில் முக்கால்வாசி, நான்கில் ஏறக்குறைய முழுவதும். ர, ழ போன்ற ஒலிகள் அதன் பிறகும் நிதானமாக வரும்.

மதிப்பீட்டுக்கு நேரம் கிடைக்கச் சில வாரங்கள் ஆகலாம், அதனால்தான் இப்போதே பதிந்துவிடச் சொல்கிறேன். அதற்குள் அவன் நன்றாகப் பேச ஆரம்பித்துவிட்டால் ரத்து செய்துகொள்ளலாம். போகும்போது இரண்டு பொருள்கள் கொண்டுபோங்கள். ஒன்று, அவன் சொல்லும் வார்த்தைகளின் பட்டியல், ஒவ்வொன்றும் எப்போது தொடங்கியது என்று தேதியோடு. தொடங்கி இரண்டு மாதத்தில் பட்டியல் நீளவே இல்லை என்றால் அதுவே ஒரு முக்கியத் தகவல். இன்னொன்று, அவன் வீட்டில் இயல்பாக விளையாடும்போது எடுத்த இரண்டு மூன்று நிமிட வீடியோ. புது இடத்தில் பிள்ளைகள் பெரும்பாலும் வாயே திறப்பதில்லை என்பதால், அந்த வீடியோவை நாங்கள் மிகவும் நம்புகிறோம். கொண்டுபோவதற்கு முன் நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள், அவனைப் பார்ப்பதற்காக இல்லை. உங்கள் கேள்விகள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் பிறகு அவனுக்கு எத்தனை நொடி விடுகிறீர்கள் என்று எண்ணிக் குறித்துக்கொண்டு போனால், பயிற்சியாளர் முதல் சந்திப்பிலேயே அங்கிருந்து வேலையைத் தொடங்கிவிடுவார்.